ஒன்று புள்ளி நான்கு

லெபோ சூலியாவில் மழை இன்னும் முடிவெடுக்கவில்லை.
நானும்தான்.

கண்ணாடி மேசைமேல் இரண்டு லென்ஸ்கள்.
ஒரே எண்பத்தைந்து, ஒரே ஒன்று புள்ளி நான்கு.
நடுவில் பதினைந்து வருடம்,
நாலாயிரத்து இருநூறு ரிங்கிட்.

சியூ லிங் கைப்பேசி விளக்கைப் போட்டு
பழையதன் தொண்டைக்குள் காட்டுகிறாள்,
டாக்டர் ஆ சொல்லச் சொல்வதுபோல.
ஓரத்தில் ஒரு பூஞ்சை இழை.
"பினாங்கு காத்து லா, யாரை விட்டுச்சு?
படத்துல வராது."
வராதுதான்.
ஆனாலும் பார்த்துவிட்டேன்.

புதியதைப் பூட்டி அவள் முகத்தையே எடுத்தேன்.
சத்தமே இல்லை; நினைப்பதற்குள் கண்ணைப் பிடித்தது.
இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியே,
மூக்கோரத்து வியர்வை,
நேற்றுக் கிள்ளிய பருவின் சிவப்பு,
கருவிழிக்குள் கடைவாசல், வாசலை மறைத்து நான்.
"ஐயோ, டிலீட்" என்றாள்
அதை விற்க வேண்டியவள்.

பழையது க்ர்ர்ர் என்று முன்னே போய்ப் பின்னே வந்து
இருட்டில் செருப்புத் தேடுகிறவர்போல்
ஒருவழியாக நின்றது.
முகத்தைச் சுற்றி மெல்லிய பால்.
கூர்மை இல்லாமலில்லை, உள்ளே எங்கோ,
கொசுவலைக்குப் பின்னால் படுத்திருந்தது.
"இது ஓகே. எனக்கு அனுப்பு."

அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் துர்காஷினிக்குக் கல்யாணம்.
இடது தாடையிலிருந்து கழுத்துவரை
சின்ன வயதில் வடைச்சட்டி எண்ணெய் இறங்கிய தழும்பு.
முன்பணம் தந்த அன்றே சொல்லிவிட்டாள்:
"இதை அழிக்கக் கூடாது அக்கா.
நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன்
என் கழுத்தையே மாத்தி வெச்சிட்டான்.
அம்மாவுக்குப் பிடிச்சிருந்துச்சு.
எனக்கு அது யாரோ."

அழிப்பது கணினியில் மட்டும்தானா?
இந்தப் பாலும் அழிப்புதான்,
கொஞ்சம் மரியாதை தெரிந்த அழிப்பு.
அப்படியானால் புதியது.
புதியதும் ஒன்றும் யோக்கியம் இல்லை:
அவளுக்கு முன்னால் தழும்பை மேடையேற்றிவிடும்.
அழிக்காதே என்றாளே தவிர
அதையே எடு என்று அவள் சொல்லவில்லை.

சியூ லிங் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.
நான் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
பழையதன் இடுப்பில் ஒரு வளையம் இருக்கிறது,
புதியதற்கு அந்த இடம் வழுக்கை.
டிக். இரண்டு.
டிக். இரண்டு புள்ளி எட்டு.
ஒவ்வொரு டிக்குக்கும் பால் வற்றியது.
இரண்டாவதில் சியூ லிங்கின் பரு திரும்பி வந்தது,
ஒரு பருவுக்கு உரிய அளவில்.
புதியதிலும் துவாரத்தைச் சுருக்கலாம், கேமராச் சக்கரத்தில்.
சுருக்கி என்ன, அதில் வற்றவைக்கப் பாலே இல்லை.

இப்படிச் சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது.
மைவிக்கு இன்னும் பதினெட்டு மாதத் தவணை.
கைப்பையில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு.
மேலே ஒரு நாலாயிரம் இருந்திருந்தால்
வேறு ஏதாவது தத்துவம் பேசியிருப்பேன்,
அதுவும் பொருத்தமாகவே இருந்திருக்கும்.
பூஞ்சையைச் சொல்லி நூற்றைம்பது குறைத்தேன்.

படகில் மேல்தளம் ஏறி
துறைமுகக் கிரேன்களின் விளக்குகளை நோக்கி வைத்தேன்.
ஒன்று புள்ளி நான்கில்
ஒவ்வொரு விளக்கும் ஊறிய ஜவ்வரிசிபோல் உப்பியது.
டிக்.
கிரேனின் கழுத்து தெரிந்தது.
டிக்.
அதில் ஏறும் ஏணி, ஏணியில் ஒரு மஞ்சள் தொப்பி.
பக்கத்தில் மீ கோரேங் பொட்டலத்தோடு நின்ற பையன்
"பூட்டுதா, திறக்குதா?" என்றான்.

தாலி கட்டும் நேரத்தில் எத்தனை டிக் என்று
இன்னும் தெரியாது.
கெட்டிமேளத்தில் மோட்டார் சத்தம் ஒருவருக்கும் கேட்காது.
ஆனால் அதற்கு முன், அலங்கார அறையில்,
அவளும் நானும் விசிறியும் மட்டும் இருப்போம்.
அங்கே இந்த வளையம் திரும்புவது அவளுக்குக் கேட்கும்.
எந்தப் பக்கம் என்று கேட்டால்
கேமராவை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.